சிறுநீரகப் பாடம்

இரண்டாவது தடவையும் நீட் தேர்வில் பதினோரு மதிப்பெண் குறைந்துபோனதும், இசக்கிப்பிரியா மூன்று வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

“இன்னொரு வருஷம் சும்மா உட்கார வேண்டாம்மா. ஏதாவது ஒரு டிகிரியில சேர்ந்துக்கோ. கூடவே நீட்டுக்கும் படி” என்றார் அப்பா.

எந்த டிகிரி என்பதில்தான் சிக்கல். உயிர்வேதியியல் எடுத்தால் பாடம் விட்டுப்போகாது என்றார் மாமா. விலங்கியல்தான் நல்லது என்றாள் கூடப் படித்தவள். நர்சிங் சேர்ந்தால் ஆஸ்பத்திரிப் பழக்கமாவது வரும் என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாருக்கும் தலையாட்டி ஓய்ந்துபோனாள். விண்ணப்பிக்க மறுநாள் கடைசி.

அன்று காலையில் கிளம்பி நசீமா டீச்சர் வீட்டுக்குப் போனாள். பயிற்சி மையத்தில் இரண்டு வருஷமும் அவளுக்கு உயிரியல் எடுத்தவர். வயது முப்பத்து நாலுதான். டீச்சரும் ஒரு காலத்தில் டாக்டருக்குப் படிக்க நினைத்தவர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். யாரும் நேரில் கேட்டதில்லை.

டீச்சர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“தைராய்டு மாத்திரை தீர்ந்துபோச்சு. பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். வர்றியா?”

“ஒண்ணு கேக்கணும் டீச்சர். டாக்டராகணும்னா இப்ப என்ன டிகிரி எடுக்கலாம்?”

“பஸ்ல பேசலாம்.”

பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். முந்தின நாள் ஏழு வகுப்பு. இசக்கி எழுப்பவில்லை.

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பீடி சுற்றுகிறவள். பெயர் மாடத்தி. கால் இரண்டும் மினுமினுவென்று வீங்கியிருந்தன. மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு மடக்குக் குடித்தாள்.

“எதுக்குக்கா ஒளிச்சுக் குடிக்கீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“டாக்டர் பாத்தா ஏசுவாரு. கிட்னி கெட்டுப்போச்சாம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுங்காரு. தொண்டை காஞ்சு போவுது. தண்ணியில என்ன பகை அவருக்கு?”

டீச்சர் இசக்கியைக் காட்டினார்.

“இவ நல்லாப் படிச்ச புள்ள. இவகிட்ட கேளுங்க.”

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டார்.

இசக்கிக்குத் தெம்பு வந்தது. சிறுநீரகம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

“கிட்னிக்குள்ள நெஃப்ரான்னு பத்து லட்சம் இருக்கும்மா. ரத்தம் குளோமருலஸ்ல ஃபில்டர் ஆகும். அந்த ரேட் குறைஞ்சிட்டா...”

மாடத்தி அவள் வாயையே பார்த்தாள். பிறகு பாட்டிலைத் திறந்தாள்.

“இருங்கம்மா. வடிகட்டி மாதிரின்னு வைச்சுக்கோங்க. டீ வடிகட்டி. அது அடைச்சுப்போச்சு.”

“அடைச்சுப்போனா இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துனாத்தான போவும்? அதத்தான் நான் செய்யுதேன்.”

நான்கு விடை கொடுத்திருந்தால் சரியானதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பாள். இங்கே விடை எதுவும் கொடுக்கப்படவில்லை. தரையில் குச்சியால் அவரை விதைபோல ஒரு படம் போட்டாள். மாடத்தி படத்தைப் பார்த்துவிட்டு, “என் மவளும் நல்லாப் படம் போடுவா” என்றாள். வேறு சொல் தேடினாள் இசக்கி. வந்ததெல்லாம் இங்கிலீஷ். வெயில் பெஞ்சுக்கு ஏறியது. இரண்டு முறை எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். அதற்குள் மாடத்தி இன்னும் இரண்டு மடக்குக் குடித்திருந்தாள்.

சலித்துப்போய் இசக்கி கேட்டாள்: “உங்க வீடு எங்கம்மா?”

“கீழத்தெரு. பள்ளத்துல.”

“மழைக்குத் தண்ணி வீட்டுக்குள்ள வருமா?”

“வராம? போன ஐப்பசியில தெருச் சாக்கடை, வாறுகால் பூரா அடைச்சுக் கிடந்துச்சு. கட்டில்மேல ஏறி உட்கார்ந்திருந்தோம்.”

இசக்கி நிமிர்ந்தாள்.

“அடைச்ச வாறுகால்ல இன்னும் மழை பெஞ்சா அடைப்பு போயிருமா?”

“எங்க போவ? தண்ணி வீட்டுக்குள்ள ஏறும்.”

“உங்க உடம்புல கிட்னிதான்மா வாறுகால். நீங்க குடிக்கிறது மழை. வெளிய போக வழியில்லாம வீட்டுக்குள்ள நிக்குது. இங்க பாருங்க.” மாடத்தியின் காலை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. “இன்னும் ஏறினா நெஞ்சுக்கு வரும்.”

மாடத்தி அந்தக் குழி மெல்ல நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெஞ்சுக்கு வந்துருச்சும்மா” என்றாள் மெதுவாக. “ரெண்டு நாளா மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. விடிய விடிய சுவத்துல சாஞ்சேதான் இருந்தேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“ஏசுவாருன்னு சொல்லல.” பாட்டில் மூடியை இறுக்கித் திருகினாள். “அப்ப அந்த மனுஷன் கோவத்துல சொல்லலையா?”

பாட்டிலை இசக்கி கையில் கொடுத்துவிட்டு, முட்டியை ஊன்றி எழுந்தாள். இசக்கி கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். மாடத்தி மூச்சு முட்டுவதைச் சொன்னதும் நர்ஸ் அவளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது டீச்சர் மாத்திரைக் கவரோடு அதே பெஞ்சில் இருந்தார். இருவருக்கும் பசி. கேண்டீன் வரைக்கும் நடக்கத் தெம்பில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

“டீச்சர், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை.”

“ம்.”

“நாளைக்குக் கடைசி நாள். விலங்கியலா, உயிர்வேதியியலா?”

டீச்சர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“சிறுநீரகப் பாடத்துல நீ எத்தனை மார்க் எடுப்பே?”

“எப்பவும் முழு மார்க்தான் டீச்சர். உங்களுக்கே தெரியும்.”

“அப்புறம் அந்தக்காவுக்குச் சொல்ல ஏன் ஒரு மணி நேரம் ஆச்சு?”

இசக்கிப்பிரியா தரையில் போட்டிருந்த அவரை விதைப் படத்தைக் காலால் அழித்தாள்.