பலாக்கன்னுக்கு ஒரு எடம்

ஒரு ஊர்ல ஒரு செம்மண் மனை இருந்துச்சாம். முன்னால ஒரு ஓட்டு வீடு, பின்னால நீளமா ஒரு கொல்லை. அந்த வீட்டுல அஞ்சலாட்சின்னு ஒருத்தி இருந்தா. அவ வீட்டுக்காரரு பேரு தனக்கோடி. அவங்களுக்கு ஒரே பொண்ணு, மலர்க்கொடி, உன்னாட்டம் சின்னப்புள்ள. ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

ம்.

வீடு கட்டி முடிச்ச கையோட தனக்கோடி சந்தைக்குப் போயி மூணு கன்னு வாங்கியாந்தாரு. ஒரு முந்திரி, ஒரு மா, ஒரு பலா. அப்புறம் ரெண்டு பேரும் கொல்லையில நின்னுகிட்டு எதை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சாங்க. முந்திரி தாழக் கெடந்து அகலமா படரும், அதுக்குத் தண்ணி கூட அவ்வளவா வேணாம், அதனால கடைசியில வேலியோரமா வைப்போம்னாரு. சரின்னா. மா மேற்கால இருந்தா சாயங்கால வெயில் வீட்டுக்குள்ள எறங்காது, ஆனா கொஞ்சம் தள்ளி வைக்கணும்னாரு. அதுக்கும் சரின்னா. அப்புறம் பலா வந்துச்சு. அங்கதான் பேச்சு முட்டிகிச்சு.

அஞ்சலாட்சிக்கு அது சமையக்கட்டுக்குப் பின்னாலேயே வேணும். அங்கதான் அவ பாத்திரம் கழுவுவா. கழுவுற தண்ணி தானா ஓடி கன்னுக்குப் போயிடும், கெணத்துலேருந்து கொடம் கொடமா சொமக்க வேணாம், கழுவுற எடத்துக்கு நெழலும் ஆச்சு. அவ சொன்னதுலயும் ஞாயம் இருந்துச்சு இல்ல?

ம்.

தனக்கோடிக்குத்தான் மனசு ஒப்பல. பலா பெரிய மரமா வரும், செவுத்தை ஒட்டி வைக்கக் கூடாதுன்னாரு. எந்நேரமும் ஈரத்துல நின்னா வேரு கீழ எறங்காது, மேலாக்கவே பரவிடும்னாரு. அவ கேக்கல. மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு சோத்தை டொக்குனு வச்சா. கடைசியில அவரே சிரிச்சுட்டாரு.

"நாள் முழுக்க நீ பொழங்குற எடம். நீ சொல்ற எடத்துலயே வைப்போம், வா."

கடப்பாரைய எடுத்து, ணங் ணங்குன்னு குழி தோண்டி, அங்கேயே வச்சுட்டாரு.

அப்புறம் என்ன, அந்தப் பலா மளமளன்னு வளந்துச்சு. மத்த ரெண்டும் இடுப்பு ஒசரம் இருக்கறப்பவே அது ஓட்டைத் தாண்டிடுச்சு. அடிமரத்துலயே காய் வச்சுது. மொதப் பழத்தை அறுக்கறப்போ தெருவே மணந்துச்சு. கையில எண்ணெயத் தடவிகிட்டு அவரு சொளை எடுத்துக் குடுக்க, மலர்க்கொடி முழுங்க, கொட்டைய அடுப்புல சுட்டு, பட்டு பட்டுன்னு தோலு வெடிக்க... அஞ்சலாட்சி அவரைப் பாத்து, நான் சொன்ன எடம் எப்புடின்னு கேப்பா. அவரு இன்னொரு சொளைய எடுத்து அவ வாயில வைப்பாரு.

தூங்கிட்டியா? இல்லியா? சரி.

அப்போ ஒரு புயல் வந்துச்சு. கடல்லேருந்து நேரா ஊருக்குள்ள ஏறிடுச்சு. உய்ய்னு காத்து. ஓடு சடசடன்னு பறக்குது. மூணு பேரும் உள் அறையில ஒண்டிகிட்டு ஒக்காந்திருந்தாங்க. விடிஞ்சும் விடியாத நேரம், பின்னால சமையக்கட்டு செவுத்தை ஒட்டி எறக்கியிருந்த சாய்ப்புல கட்டியிருந்த ஆடு கத்துச்சு. பாவம், அவுத்து உள்ள கொண்டாந்துடறேன்னு தனக்கோடி எழுந்தாரு. அஞ்சலாட்சி அவரு வேட்டியப் புடிச்சு இழுத்தா. இந்தா வந்துட்டேன்னு போனாரு.

தடார்.

மூணு மரமும் சாஞ்சுது அன்னிக்கு. முந்திரி வேலி மேல சாஞ்சுது. மா வெட்டவெளியில சாஞ்சுது. பலா மட்டும் வேரோட பேந்து சாய்ப்பு மேல விழுந்துச்சு. அவரு உள்ள இருந்தாரு.

...

ம் கொட்ட மாட்டேங்கற. சரி, என் கையப் புடிச்சுக்கோ.

அஞ்சலாட்சி அழல. ஊரே அழுதுச்சு, அவ அழல. மரத்தை அறுத்துக் கொண்டு போனாங்க, பாத்துகிட்டு நின்னா. அதுக்கப்புறம் அந்தக் கொல்லையில ஒரு பச்சைய விடல. பழைய கொட்டையிலேருந்து எது மொளைச்சாலும் வெடுக்குனு புடுங்கிப் போட்டுடுவா. வருசம் போச்சு. மலர்க்கொடி பெரிசாயி, கல்யாணமாயி, பக்கத்து ஊருக்குப் போயிட்டா. அஞ்சலாட்சி மட்டும் அந்த வெயில்ல தனியா கெடந்தா.

அப்போ ஒரு நாளு மலர்க்கொடி புள்ளைய இடுப்புல வச்சுகிட்டு, கையில ஒரு பலாக்கன்னோட வந்தா. அஞ்சலாட்சி கன்னைப் பாத்ததும் தூக்கி வெளிய போடுன்னா.

"அப்பாவ மரம் கொல்லலம்மா. புயலு கொன்னுது."

"மரம் நின்ன எடம் கொன்னுது. எடத்தைச் சொன்னவ நான்."

அவ வாயைத் தொறந்து அதைச் சொன்னது அன்னிக்குத்தான். மலர்க்கொடி கன்னை அவ முன்னால வச்சா. அப்புறம் மெதுவா சொன்னா, "இந்தத் தடவையும் நீயே எடத்தைச் சொல்லும்மா. நான் வைக்கறேன்."

அஞ்சலாட்சி ரொம்ப நேரம் கன்னையே பாத்துகிட்டு ஒக்காந்திருந்தா. அப்புறம் எழுந்து போயி கெணத்துக் கயித்தை அவுத்தாந்தா. அன்னிக்குச் சாஞ்சு கெடந்த பலா எவ்வளவு நீளம்னு அவளுக்குத் தெரியும், கண்ணை மூடினாலும் தெரியும். அதுக்கும் மேல கொஞ்சம் சேத்துக் கயித்தை அளந்துகிட்டா. மா நின்ன எடத்துல ஒரு முனைய வச்சு இழுத்தா, மறு முனை செவுத்தைத் தொட்டுச்சு. வேணாம். முந்திரி நின்ன வேலியோரம் வச்சு இழுத்தா, அது அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போச்சு. அதுவும் உசுருதான, வேணாம். அப்புறம் கொல்லையோட நடு மையத்துல, பொட்டலா கெடந்த எடத்துல வச்சு, கயித்தை நாலு பக்கமும் சுத்தி வந்தா. எதையும் தொடல.

"இங்க வை"ன்னா.

கெணத்துலேருந்து அது தூரம். முட்டி வலியோட சரக் சரக்குனு நடந்து கொடத்துல தண்ணி சொமந்தா. குழாய் போட்டுத் தரேன்னு மக சொன்னதுக்கு வேணாம்னுட்டா. மரமும் வளந்துச்சு. காயும் வச்சுது. மக வந்தா பழத்தை அறுத்துக் குடுப்பா. தான் மட்டும் ஒரு சொளை வாயில வைக்க மாட்டா.

அப்புறம் மறுபடியும் ஒரு புயல் வந்துச்சு. மகளும் பேரனும் அன்னிக்கு அங்கதான் இருந்தாங்க. அஞ்சலாட்சி பின்கதவைத் தாழ் போட்டு, அதுல முதுகைச் சாச்சுகிட்டு ஒக்காந்துட்டா. யாரையும் வெளிய விடல. உய்ய்னு காத்து... தடார்.

விடிஞ்சு கதவைத் தொறந்தா, மரம் சாஞ்சு கெடக்கு. வெறும் மண்ணு மேல. செவுத்துல ஒரு கீறல் இல்ல. பலாப்பிஞ்சு மட்டும் அங்கங்க செதறிக் கெடக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலம்மான்னு மலர்க்கொடி அவளைக் கட்டிப் புடிச்சுகிட்டா. அஞ்சலாட்சி கைய வெலக்கிட்டு, சேத்துல நடந்து போயி அந்த வேருகிட்ட ஒக்காந்தா. ஈர மண்ணைத் தொட்டா.

"இந்த எடம் அப்பவும் இங்கதானங்க இருந்துச்சு"ன்னா, அவரு எதிர்ல நிக்கற மாதிரி.

சொல்லிட்டு அழுதா. அவரு போனதுக்கு அன்னிக்குத்தான் அழுதா. ஓன்னு, கொழந்தை மாதிரி. மக பக்கத்துல போயி ஒக்காந்துகிட்டா. எழுந்திரும்மான்னு சொல்லல. வெயிலு ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கேயே இருந்தாங்க.

அவ்வளவுதான் கண்ணு. அழுதவளும் அசந்துட்டா, அடிச்ச காத்தும் அசந்துடுச்சு. நீயும் கண்ணை மூடு.