சடைச்சியின் இடது கை

கொடைக்கானல் மேல்மலையில் முதலாளி சொக்கநாதரின் பட்டாணித் தோட்டத்தில் காக்காகூட அவரைக் கேட்டுத்தான் உட்காரும். சித்திரை மாசம், காய்ப்பு உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் வாயில் எதையோ அசைபோட்டபடி வந்தவர், வரப்பு நெடுக உரித்த பட்டாணித் தொலி கிடப்பதைப் பார்த்தார். வந்ததே கோபம்!

“பறிக்க வந்தீங்களா, திங்க வந்தீங்களா? ஒத்தைக் கையால உரிச்சுத் திங்க முடியாதில்ல? இனி எல்லாரும் இடது கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுத்தான் பறிக்கணும். முடியாதவங்க இப்பவே மலையிறங்கிப் போகலாம்!”

காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள். பத்து வருஷமாய் அங்கே காய் பறிக்கிற சடைச்சி மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அப்படியே செய்றோம் மொதலாளி. எப்படின்னு ஒரே ஒரு காய் பறிச்சுக் காட்டிடுங்க.”

“இதென்ன பெரிய வித்தையா?”

சொக்கநாதர் இடது கையை முதுகில் வைத்துக்கொண்டு, வலது கையால் ஒரு காயைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். காயோடு கொடி வந்தது, கொடியோடு பூவும் பிஞ்சும் வந்தன, வேர்மண் அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

சடைச்சி அந்தக் கொடியை வாங்கி உயர்த்திப் பிடித்தாள்.

“பட்டாணிக்கு வேர் ஆழமில்ல மொதலாளி. ஒரு கை கொடியைப் பிடிக்கணும், ஒரு கை காயைக் கிள்ளணும். உரிச்சுத் திங்க எங்களுக்கு மூணாவது கை ஏது? இந்தத் தோட்டத்துல ரெண்டு கையும் சும்மா இருக்கிற ஆள் யாருன்னு நீங்களே பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். வரப்பில் சிந்திக்கிடந்த தொலி, நேரே வரப்பு முனையில் சொக்கநாதர் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் நாற்காலிக்கடியில் போய்க் குவிந்திருந்தது.

அவர் வாய் அப்போதுதான் அசைபோடுவதை நிறுத்தியது. சடைச்சி இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு தன் வரிசைக்கு நடந்தாள்.