பத்தாவது ஆள்

நாஜிகள் யூதர்களைப் பிடித்து அடைத்த முகாம் ஒன்றில், இறந்தவர்களுக்கான பிரார்த்தனை குடியிருந்தது. யூதர்களோடு கூடவே ரயிலில் வந்து இறங்கிய மிகப் பழைய பிரார்த்தனை அது. வயதுக்கேற்ற பிடிவாதமும் அதற்கு உண்டு. பத்து ஆண்கள் கூடி நின்றால்தான் வாய் திறக்கும். ஒருவர் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊரில் சுகமாக இருந்த நாளில் இந்தப் பிகு எல்லாம் செல்லுபடியானது.

அன்று பொழுது விடிகிற நேரத்தில் அது கொட்டகைக்குள் பரபரவென்று அலைந்துகொண்டிருந்தது. முந்தின நாள் தையற்காரர் ஃபைவெலின் மகன் யோசெலைக் கொன்றுவிட்டார்கள். பதினேழு வயது. அவனுக்காகப் பிரார்த்திக்க ஒன்பது பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மற்றவர்களுக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. பத்தாவதாக வரவேண்டிய ஃபைவெலோ படுக்கைப் பலகையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். விசில் ஊதிவிட்டால் எல்லாரும் வேலைக்கு வரிசையில் நிற்க ஓடவேண்டும். நாளைக்குப் பத்துப் பேர் மிஞ்சுவார்களா, யார் கண்டது? 

மூலையில் குந்தியிருந்த பசி சிரித்தது. "உனக்குப் பத்துப் பேர் வேணும். எனக்கு ஒரு ஆள் போதும். அதான் இங்க நான் ராஜா."

"நீ சும்மா கிட" என்று சீறிவிட்டு, பிரார்த்தனை ஃபைவெலின் காதருகே குனிந்தது.

"எழுந்திரு ஃபைவெல். பெத்த அப்பன் நீதானே என்னைச் சொல்லணும்? நேரம் ஓடுது."

"யார்கிட்ட சொல்லச் சொல்றே?" ஃபைவெல் திரும்பவில்லை. "மேல யாரும் இல்லை. இருந்தா நேத்து வந்திருக்கணும்."

"அதுக்காக மகனை ஒரு வார்த்தை இல்லாம அனுப்பிடுவியா?"

இப்போது அவர் எழுந்து உட்கார்ந்தார். "உனக்குள்ள என் மகனைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? தேடிப் பாரு. முதல்லேருந்து கடைசிவரைக்கும் கடவுளோட புகழ்தான். அவர் பெரியவர், அவர் புனிதர்! செத்தவன் பேரு எங்க இருக்கு?"

பிரார்த்தனை தனக்குள்ளேயே தேடிப் பார்த்தது. அவர் சொன்னது உண்மைதான். எத்தனையோ கல்லறைகளின் முன்னால் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அதன் முகத்துக்கு நேரே இப்படி யாரும் கேட்டதில்லை. அதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அவர் பேரு வர்ற இடத்துல உன் மகன் பேரைச் சொல்லு" என்றது, மெல்ல.

ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாத பிரார்த்தனை அது. தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அதுவே திடுக்கிட்டது.

ஃபைவெல் பலகையிலிருந்து இறங்கி வந்து ஒன்பது பேரோடு நின்றார்.

"யோசெலின் பெயர் பெரிதாகுக" என்று ஆரம்பித்தார். "யோசெலின் பெயர் புனிதமாகுக."

கடவுளின் பெயரைச் சொல்லவேண்டிய இடம் அது. ஒன்பது பேரும் விக்கித்துப்போனார்கள். கடைசியில், ஊரில் மதகுருவாக இருந்த செல்மன் கண்களை இறுக மூடிக்கொண்டு "ஆமென்" என்றார். மற்ற எட்டுப் பேரும் சொன்னார்கள்.

வழக்கம்போலப் பிரார்த்தனை மேலே எழும்பியது. கூரை வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் யாரிடம் போவது என்று அதற்குத் தெரியவில்லை.

விசில் ஊதியது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். பிரார்த்தனை கீழே இறங்கிவந்து, அவர்களோடு வரிசையில் நின்றது.