துரையின் புல்

செடிகொடிகளுக்குப் பேர் வைப்பதற்கென்றே கப்பலேறி வந்த கிராப்டன் துரை, மலையுச்சியில் ஒரு பச்சைப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு துள்ளிக் குதித்தார்.

"இதை முதலில் பார்த்தவன் நான்! இனி என் அனுமதி இல்லாமல் ஒருத்தரும் அறுக்கக் கூடாது."

மூட்டை தூக்கி வந்த பெருமாயி அதைக் கீழே இறக்கி வைத்தாள். அந்தப் புல்லில் கூடை முடைந்துதான் மலைச்சனம் கஞ்சி குடிக்கிறது.

"உங்களுக்கு முந்தியே பாத்தவங்க இருந்தா, சாமி?"

"சாட்சி காட்டு, விட்டுவிடுகிறேன். ஆனால் உன் ஊர்க்காரர் பேச்சு செல்லாது. இங்கேயே, இப்போதே காட்டு!"

"அப்ப உங்க தொப்பியைக் கொஞ்சம் குடுங்க."

அடிவாரச் சந்தையில் துரை ஆசையாக வாங்கிய தொப்பி அது. காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. பெருமாயி அதைச் சுனையில் முக்கி நீட்டினாள். ஈரம் பட்டதும் கமகமவென்று மணத்தது. துரை தொப்பியை முகர்ந்தார். கையிலிருந்த புல்லை முகர்ந்தார். மறுபடியும் தொப்பியை முகர்ந்தார்.

"இதை முடைஞ்சவ என்ன, கண்ணை மூடிக்கிட்டா முடைஞ்சா, சாமி?"

துரை விழுந்து விழுந்து சிரித்தார். சொட்டச் சொட்டத் தொப்பியை மாட்டிக்கொண்டு, "சரி, அவள் பேரைச் சொல். புல்லுக்கு அதையே வைத்துவிடுகிறேன்" என்றார்.

"அப்படின்னா எங்க மலைப் பொம்பளைங்க எல்லார் பேரையும் வைக்கணும்," என்றாள் பெருமாயி. "சின்னப் புல்லு சாமி, தாங்காது."