எருமை போட்டுக்கொண்ட வெள்ளை அங்கி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் விலங்குகள் ஞாயிறுதோறும் கூடி ஆராதனை செய்தன. நடத்தியது மாசிலாமணி என்ற எருமைக்கடா. சேற்றில் புரண்ட உடம்போடு அப்படியே கரையேறி வந்து ஜெபிக்கும். கேட்பவர்களுக்குக் கண் கலங்கும்.

மயிலுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"கடவுள் முன்னால் இப்படியா நிற்பது? நடத்துகிறவருக்குத் தனி உடுப்பு வேண்டும்!"

"எதற்கு?" என்று கேட்டது மான். "ஐயா நம்மில் ஒருவர்தானே?"

"அதுதான் தப்பு! அங்கி போட்டால் ஆள் மறைந்துவிடுவார். கடவுள் மட்டுமே தெரிவார்!"

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. பல தலைகள் ஆடின. தூக்கணாங்குருவிகள் பத்து நாள் பாடுபட்டு, இலவம்பஞ்சில் வெள்ளை அங்கி பின்னின. யார் மனதையும் நோகடிக்க விரும்பாத எருமை அதைப் போட்டுக்கொண்டது.

அன்று தொடங்கியது மயிலின் அதட்டல். "தள்ளி உட்கார்! ஐயாவைத் தொடாதே! கறை படும்!" சொறி பிடித்த நரி ஒன்று அழுதுகொண்டே எருமையின் தோளில் சாய வந்தது. மயில் அதைக் கொத்தி விரட்டியது. எருமை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

ஒரு ஞாயிறு, பாதி ஜெபத்தில் மான் அலறியது.

"ஐயோ, என் குட்டி சேற்றில் புதைகிறதே!"

எருமை பாய எழுந்தது. மயில் குறுக்கே வந்து நின்றது.

"நில்லுங்கள்! அங்கி என்ன ஆவது? ஜெபம் முடியட்டும்!"

எருமை குனிந்து அங்கியைப் பார்த்தது. ஒரு கணம் தயங்கியது.

"என்ன ஐயா பார்க்கிறீர்கள்?" மான் வெடித்தது. "முன்பெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவீர்களே! என் பிள்ளையின் உயிரைவிட இந்தத் துணி பெரிதா?"

எருமைக்குச் சுருக்கென்றது. கருவேல முள்ளில் உரசி அங்கியைக் கிழித்துப் போட்டது. கழுத்தளவுச் சேற்றில் இறங்கி, குட்டியை முகத்தால் முட்டித் தள்ளிக் கரையேற்றியது.

பிறகு மயிலிடம் திரும்பிச் சொன்னது:

"கடவுள் தெரிவார் என்றாயே! ஒரு குட்டி சாகக் கிடந்த நேரத்தில் எனக்குத் துணிதானே தெரிந்தது! இதைப் பின்னச் சொன்ன உனக்கு வெட்கமாக இல்லை? போட்டுக்கொண்டு நின்ற எனக்கு வெட்கமாக இருக்கிறது!"

மான் குட்டியை நக்கிக்கொண்டே சொன்னது: "மீதி ஜெபத்தைச் சொல்லுங்கள் ஐயா."

உதவிக்கு ஓடும் காலைத் தடுக்கிற உடுப்பு, எத்தனை வெண்மையாக இருந்தாலும் ஆராதனைக்கு உகந்ததல்ல.