தண்டபாணிக்கு இறுதி

கோணமேட்டுக்காரர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் வேனை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். பக்கத்து ஊர்க்காரன் நான், வாடகைக்கு வேன் ஓட்டுகிறவன். எங்கள் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. அதில் தண்ணீர் வராவிட்டாலும் குற்றமில்லை, நடுவே கிடந்தால் போதும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் எண்ணம்.

அந்த ஊரில் ஒரு கால்பந்து ரசிகர் மன்றம் உண்டு. பந்து கிடையாது, மைதானம் கிடையாது, மன்றத்தில் ஒருவரும் ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததும் கிடையாது. ஆனால் போர்டு உண்டு, கொடி உண்டு. தலைவர் நாச்சிமுத்து, செயலாளர் மாரப்பன், பொருளாளர் பொங்கியண்ணன். உறுப்பினர்தான் யாருமில்லை. வெறும் உறுப்பினராக இருக்க அந்த ஊரில் எவனுக்கும் சம்மதமில்லை.

மன்றம் முளைத்ததற்குக் காரணம் தண்டபாணி. நாச்சிமுத்துவின் அக்காள் வள்ளியாத்தாளின் மகன். கோயம்புத்தூரில் ஒரு மில் அணிக்கு கோல்கீப்பர். அந்த ஊரில் பிறந்தும் புத்தியோடு தப்பித்துக்கொண்ட ஒரே ஆள் என்று நான் அவனை மதிக்கிறேன். இந்த வருஷம் தென்னிந்தியக் கோப்பைப் போட்டி கோயம்புத்தூரிலேயே நடந்தது. கோப்பையை ஜெயித்தால் மில்லில் நிரந்தர வேலை, தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். ஆடு மேய்த்து அவனை ஆளாக்கிய வள்ளியாத்தாளுக்கு அந்த வேலையைத் தவிர வேறு ஆசை இல்லை.

ஒருநாள் காலையில் தண்டபாணி மாமனுக்குப் போன் செய்தான். காலிறுதி முடிந்துவிட்டது, அரையிறுதியும் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை இறுதி, டிக்கெட் வாங்கியாகிவிட்டது, நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றான். நாச்சிமுத்து போனை வைத்தார். துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். மன்றம் உடனே கூடியது.

"மொதல்ல காலு இறுதி ஆயிருக்குது" என்றார் நாச்சிமுத்து. "அப்புறம் அரை இறுதி ஆயிருக்குது."

"அரைன்னா என்னுங்?" என்று கேட்டார் பொங்கியண்ணன்.

"அரைஞாண் கயிறு எங்கய்யா கட்டியிருக்கற? அந்த எடம்தான்" என்றார் மாரப்பன். "காலுல புடிச்சது இடுப்புக்கு ஏறியிருக்குது. இப்ப இறுதியே வந்துபோச்சு."

"டிக்கெட்டும் வாங்கிட்டானாமா" என்று சொல்லி நாச்சிமுத்து உடைந்து அழுதார்.

டிக்கெட் வாங்கிவிட்டான் என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான். பொங்கியண்ணனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. போய்ச் சேரப் போகிறவன் தானே எப்படிப் போன் செய்வான் என்று கேட்டார். இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லையே என்றார் நாச்சிமுத்து. பொங்கியண்ணன் அதை ஒப்புக்கொண்டார்.

வாடகை பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காலிறுதி என்றால் நாலில் ஒரு பங்கு, அது ஆட்டத்தின் பெயர் என்று விளக்கினேன். மாரப்பன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மனுசனுக்கு இருக்கறதே ரெண்டு காலு. நாலுல ஒண்ணு எப்படி டிரைவர் தம்பி போகும்?"

நான் வாடகைப் பேச்சுக்குத் திரும்பினேன். வள்ளியாத்தாளிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். பாடை கட்டப் பச்சை மூங்கில், கயிறு, குழி வெட்டக் கடப்பாரை, மண்வெட்டி, தாய்மாமன் முறைக்குக் கோடி வேட்டி, ஒரு ரோஜா மாலை எல்லாம் வேனில் ஏறின. சனிக்கிழமை கிளம்பினோம். வள்ளியாத்தாள் ஓடி வந்து, எம் பையன் ஜெயிச்சு வரணும் என்று தம்பியின் கையைப் பிடித்துச் சொன்னாள். மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது, அந்த மூவர்மேல் எரிச்சலாக இருந்தது.

கோயம்புத்தூருக்குள் நுழைந்ததும் ஒரு பெட்டிக்கடையில் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்கியது. 'கோவையை ஆட்டிப் படைக்கும் கால்பந்து ஜுரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மாரப்பன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வேனை நிறுத்தச் சொன்னார்.

"பேரைப் பாருங்க தலைவரே. காலுலதான் ஆரம்பிக்குதாட்ட இருக்குது."

அவ்வளவுதான். மூவரும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு கஷாயம் வாங்கித் தலைக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள், ஒரு பாட்டிலில் பிடித்தும் வைத்துக்கொண்டார்கள். தெருவில் ரசிகர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முகத்தில் பச்சையும் மஞ்சளும் பூசிய ஓர் இளவட்டம், குழலை ஊதிக்கொண்டு நடுரோட்டில் குதித்தான். முகம் பச்சையாகிவிட்டது, முற்றிப்போய் ஜன்னி கண்டுவிட்டது என்றார் பொங்கியண்ணன். நாச்சிமுத்து இறங்கிப் போய் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மற்ற இருவரும் அவனைப் பிடித்துக்கொள்ள, வாயைத் திறந்து கஷாயத்தை ஊற்றினார். அவன் குதிப்பதை நிறுத்திவிட்டுக் காறித் துப்பினான். குணம் தெரிகிறது என்று மூவரும் திருப்தியாக வேனில் ஏறினார்கள். நான் அந்தத் தெருவை விட்டு எவ்வளவு வேகமாக வெளியேற முடியுமோ அவ்வளவு வேகமாக வெளியேறினேன்.

அணி தங்கியிருந்த லாட்ஜ் வாசலில் தண்டபாணி அரைக்கால் சட்டையோடு நின்றிருந்தான். நாச்சிமுத்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இரண்டு கால்களையும் தடவி, தொடையைக் கிள்ளிப் பார்த்தார். அவன் துள்ளினான். இன்னும் உயிர் இருக்கிறது என்று பின்னால் திரும்பிச் சொன்னார்.

தண்டபாணிக்கு மாமனைத் தெரியும். கால்மணி நேரம் பொறுமையாகப் பேசினான். இறுதி என்பது ஓர் ஆட்டம்தான், அதில் சாவு கிடையாது என்றான். மூவரும் தலையாட்டினார்கள். மாலையை என்ன செய்வது என்று மாரப்பன் கேட்டார். நாளைக்குத் தேவைப்படும், வைத்துக்கொள்ளுங்கள் என்று சிரித்தான் தண்டபாணி. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரொம்பச் சுலபமுங் மாமா" என்றான் கடைசியில். "எங்க பக்கம் கோல் விழக்கூடாது. அந்தப் பக்கம் கோல் விழோணும். அது நடந்துட்டா எனக்கு வேலை உறுதி. நீங்க அதை மட்டும் சாமிகிட்ட வேண்டிக்கங்க, போதும்."

சாமியிடம் விடுகிற ஆட்களா இவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மூவரும் மைதானத்து வாசலில் நின்றார்கள். 'விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று பலகை இருந்தது. தாய்மாமனைவிடச் சம்பந்தம் யாருக்கு இருக்கிறது என்று நாச்சிமுத்து உள்ளே நடந்தார். கடப்பாரையும் கயிறும் மூங்கிலும் கொண்டு வந்தவர்களைப் பார்த்து, பந்தல் போட வந்த ஆட்கள் என்று நினைத்த காவல்காரர் சீக்கிரம் முடியுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார்.

மைதானத்தின் இரண்டு கோடியிலும் வெள்ளை அடித்த கோல்கள் நின்றன. ஒவ்வொரு கோடியிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மேலே குறுக்கே ஒன்று. கோலைக் கண்ணால் பார்த்ததும் மாரப்பனுக்குப் புல்லரித்துவிட்டது.

"தண்டபாணின்னு பேரு வெச்சப்பவே நெனச்சனுங். கையில கோலோட நிக்கறவன்னுதான அர்த்தம்."

தண்டபாணி எந்தப் பக்கம் நிற்பான் என்று புல் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்கள். மில்காரர்கள் எப்போதும் மேற்குப் பக்கம்தான் ஆரம்பிப்பார்கள் என்றார் அவர். மேற்குக் கோல்களுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, பாடைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முளையடித்தார்கள். அதன்பிறகு கிழக்கே போய், கோல்களின் அடியில் கடப்பாரையை விட்டு நெம்பி, மண்ணைக் கிளறிவிட்டு, மேலாகப் புல்லை மூடி வைத்தார்கள். பொங்கியண்ணன் சுண்டுவிரலால் தள்ளிப் பார்த்தார். கோல் ஆடியது. வேலையை முடித்துவிட்டு வந்து இதை என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதை அவர்கள் தலைவலி என்று எடுத்துக்கொண்டு எனக்குக் கஷாயம் கொடுத்தார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் மேற்கே இருந்த மூங்கில்களை நடுவர் பார்த்துவிட்டு அவிழ்க்கச் சொன்னார். கிழக்கே எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிந்ததால் அங்கே யாரும் குனிந்து பார்க்கவில்லை.

எதிரணி மைசூர். முதல் பாதியில் மில் அணி ஒரு கோல் போட்டது. பந்து கிழக்கு வலைக்குள் பாய, ஊரே எழுந்து கத்தியது. எங்கள் வரிசையில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள். எழுந்திருங்கள், கோல் விழுந்துவிட்டது என்றேன்.

"எங்க விழுந்துது?" என்றார் நாச்சிமுத்து. "அப்படியேதான நிக்குது."

பாதி ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் இடம் மாறின. தண்டபாணி மெதுவாக நடந்து போய்க் கிழக்குக் கோல்களுக்கு நடுவே நின்றான். நாச்சிமுத்து துள்ளி எழுந்தார். வாடகைக்குக் குடியிருப்பவன்கூடச் சொல்லிவிட்டுத்தான் வீடு மாறுவான், இதென்ன அநியாயம் என்று பொங்கியண்ணன் கேட்டார். மூவரும் கோலைத் தாங்கிப் பிடிக்க வேலி ஏறினார்கள். போலீஸ்காரர்கள் காலைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டார்கள். அந்தப் பாதி முழுக்க நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, மருமகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் உண்மையாகத்தான் அழுதார். முட்டாளுக்கும் பாசம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

கடைசி நிமிஷத்தில் மைசூர்க்காரன் ஒருவன் தனியாக முன்னேறி வந்து உதைத்தான். தண்டபாணி பாய்ந்தான், கைக்கு எட்டவில்லை. பந்து நேராக இடதுபக்கக் கோலில் மோதித் திரும்பி மைதானத்துக்குள் ஓடியது. மூன்று கோல்களும் வலையோடு சேர்ந்து தண்டபாணியின் மேல் சாய்ந்தன. உள்ளே தட்டிவிட ஓடி வந்த இன்னொருவன், தட்டிவிட உள்ளே என்று ஓர் இடம் இல்லாமல் திகைத்து நின்றான். அதற்குள் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஊதிவிட்டார். கோல் விழுந்துவிட்டதால் கோல் விழவில்லை. பத்துப் பேர் வந்து நிமிர்த்தி வைத்தார்கள், தண்டபாணி காயமில்லாமல் எழுந்தான், இன்னும் கொஞ்ச நேரம் ஆடினார்கள், மில் அணி ஜெயித்தது. கோப்பையும் அவனுக்குத்தான், வேலையும் அவனுக்குத்தான்.

நான் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்தில் மூன்று பேரும் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. கோல் விழுந்தது, தண்டபாணி அதன் கீழே கிடந்தான். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடியது, கழுத்தில் மாலை விழுந்தது, நாலு பேர் அவனைத் தோளில் தூக்கினார்கள், முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஒருவன் அவன்மேல் பூவை வாரி இறைத்தான்.

அவன் கையை ஆட்டுகிறான் பாருங்கள் என்றேன். தூக்கிப் போகிற ஆட்டத்தில் ஆடத்தான் செய்யும் என்றார் மாரப்பன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அன்றிரவே வள்ளியாத்தாளிடம் நாச்சிமுத்து சொல்லிவிட்டார். இறுதி முடிந்தது, நாலு பேர் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றார். அவள் அலறியது எங்கள் ஊர் வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போய், உன் மகன் ஜெயித்துவிட்டான் அம்மா என்று அடித்துச் சொன்னேன். டிரைவர் தம்பி ரொம்ப நல்லவர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றார்கள். தண்டபாணிக்குப் போன் போட்டேன், ஊர்வலச் சத்தத்தில் அவன் எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, அணியோடு ஊர்வலம் விருந்தெல்லாம் முடித்துக்கொண்டு, தண்டபாணி கோப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். ஸ்டாப்பிங்கில் ஆளுயரத்துக்குக் 'கண்ணீர் அஞ்சலி' பேனர் நின்றது. அதில் அவன் கையில் பந்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே மன்றத்து மூவரின் படங்கள் அவனுடையதைவிடப் பெரிதாக இருந்தன. வீட்டு முன்னால் பந்தல், இலை போட்டுச் சாப்பாடு, ஒரு குடம் நிறையப் பால். வள்ளியாத்தாள் மகனைத் தடவித் தடவிப் பார்த்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு சமைத்தது வீணாகிறது, உட்கார்ந்து சாப்பிடு என்றாள். எனக்கே கண் கலங்கியது.

மன்றம் மட்டும் அசையவில்லை. நாச்சிமுத்து அவனை எதிரில் நிறுத்திக் கேட்டார்.

"மாப்ள, இறுதிக்குப் போனியா இல்லியா?"

"போனனுங் மாமா."

"இறுதி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்."

"மால போட்டாங்களா, நாலு பேரு தூக்குனாங்களா?"

"தூக்குனாங்க."

"அப்புறம் என்ன, நீயே ஒத்துக்கற" என்றார் நாச்சிமுத்து.

பால் விஷயத்தில் மாரப்பனுக்கும் பொங்கியண்ணனுக்கும் தகராறு வந்தது. ஜெயித்தவனுக்குப் பாலாபிஷேகம் என்றார் ஒருவர், செத்தவனுக்குப் பால் ஊற்றுவது என்றார் இன்னொருவர். எப்படியும் பால்தானே என்று தலைவர் முடித்து வைத்தார். குடத்தை அப்படியே தண்டபாணியின் தலையில் கவிழ்த்தார்கள். மேலே கோடி வேட்டியைப் போர்த்தினார்கள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றடிக்குக் குளிக்கப் போனான். அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து போன் வந்தது. நாச்சிமுத்து எடுத்தார். நாளைக்கே வந்து வேலையில் சேரச் சொன்னார் மானேஜர்.

"காரியம் நடந்துட்டிருக்குதுங். பதினாறு முடியட்டும், அவனையே அனுப்பி வெக்கறனுங்" என்றார் நாச்சிமுத்து பணிவாக.

மானேஜர் நல்ல மனுஷர் போலிருக்கிறது. அடடா என்று வருந்திவிட்டு, இறந்தவர் தண்டபாணிக்கு ரொம்ப நெருங்கிய சொந்தமா என்று விசாரித்தார்.

நாச்சிமுத்து கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தண்டபாணி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு அவ்வளவு நெருக்கம் வேற ஆரும் இல்லீங்" என்றார்.