நிலாவைத் திருடியவன்

வெகு காலத்துக்கு முன்னால் ஏழூற்று நாட்டை மருதவாணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். வெயில் ஏறினால் ஒரு குணம், இறங்கினால் ஒரு குணம் அவனுக்கு.

ஒருநாள் ராணியின் முத்துமாலையைக் காணவில்லை. காவல் தலைவன் வீரகண்டன், அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் சுடலையைப் பிடித்து மூன்று நாள் கொட்டடியில் அடைத்தான். நாலாம் நாள் சபைக்கு இழுத்து வந்தான்.

“அரசே, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான்!”

“அப்படியானால் கையை வெட்டுங்கள்” என்றான் ராஜா.

வாசலில் நின்ற சுடலையின் மனைவி பேச்சி அலறினாள். அமைச்சர் பொறையனார் எழுந்தார். “மாலை கிடைத்ததா?”

வீரகண்டனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. “கிடைக்காவிட்டால் என்ன? அவனே வாயால் சொன்னான். அமைச்சருக்குத் திருடன்மேல் அத்தனை பாசமா?”

இருவரும் மோதுவதைப் பார்க்க ராஜாவுக்குக் குஷி. “பொறையனாரே, அவன் சொன்னது பொய் என்று இப்போதே காட்டும். முடியாவிட்டால் உம் பதவி வீரகண்டனுக்கு.”

“ஆகட்டும் அரசே. நான் கேட்கிறேன். வீரகண்டர் பிரம்போடு அவன் பக்கத்திலேயே நிற்கட்டும்.”

அப்படியே நின்றான். அமைச்சர் கேட்டார்: “சுடலை, முந்தாநாள் அமாவாசை. வானத்தில் நிலாவைக் காணோம். எடுத்தது யார்?”

சுடலை பிரம்பைப் பார்த்தான். “நான்தான் சாமி.”

சபை கொல்லென்று சிரித்தது.

“நீ பிறக்கும் முன்பே ராஜாவின் பாட்டனார் காலமானார். கொன்றது?”

“நான்தான் சாமி. அடிக்கச் சொல்லாதீங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

“மாலையைத் திருட உனக்குக் கூட்டு யார்? ராஜாவா?”

“ஆமா சாமி, ராஜாதான்.”

மருதவாணன் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தான். “வீரகண்டா! இவன் வாக்கு செல்லும் என்றால் என்னையும் கொட்டடிக்குக் கொண்டுபோவாயா?”

வீரகண்டன் பிரம்பைக் கீழே போட்டான்.

ராஜா அங்கேயே தீர்ப்பு எழுதச் சொன்னான். காவலரிடம் சொன்ன ஒப்புதல் இனிச் செல்லாது. பிடிபட்டவனை மறுநாள் பொழுது சாய்வதற்குள் சபைக்குக் கொண்டுவர வேண்டும். அவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். பிரம்படி பட்ட சுடலையின் முதுகு ஆறும்வரை அரண்மனைக்குத் தண்ணீர் சுமப்பது வீரகண்டன் வேலை. பொறையனாருக்குத் தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே எடுத்துப் போர்த்தினான்.

பிறகு சுடலையிடம் குரலைத் தணித்துக் கேட்டான்: “மாலையைப் பற்றி ஏதாவது தெரியுமா? சொல்ல இஷ்டமில்லையென்றால் பேசாமலே இரு.”

சுடலை பேசவில்லை. எங்கே அடி விழுமோ என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒரு அடியும் விழவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தபோது பேச்சி எதிரே நின்றாள்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.